எந்தத் தண்ணி

காஜா நவாஸ் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கண்டன்சர் மாத்தி எட்டு மாசந்தான் ஆச்சு பாக்கர் காக்கா. அதுக்குள்ள ஏசி அனலா அடிக்குது. பொம்பளப்புள்ள கையில குடுக்காதீகன்னு அன்னைக்கே சொன்னேன்."

கீழக்கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றி ஓட்டுபவர் அவர். இராமநாதபுரத்தில் பாக்கரின் கார் ஏசி பட்டறையில் அந்த வண்டியின் முகப்பில், ஏசி வாயுவைக் குளிரவைக்கும் புதுக் கண்டன்சரை மாட்டியவள் நாகஜோதி. அபிராமத்துக்காரி. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மெக்கானிக்கல் படித்து வந்தவளைப் பாக்கர் பில் போடத்தான் உட்காரவைத்தார். அந்த நாற்காலியை விட்டு எழுந்து வண்டியில் கைவைக்க அவளுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

"ஓன் வேலையில கோளாறுன்னா நாளையிலேருந்து பழைய நாற்காலிதான்" என்றார் பாக்கர்.

"கழட்டிப் பாத்துட்டுப் பேசுவோம் பாய்."

முன் பம்பரை இறக்கினாள். கசிவைக் கண்டுபிடிக்கக் குழாயில் நைட்ரஜனை ஏற்றி, இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை தடவினாள். அவள் முடுக்கிய இடம் ஒன்றிலும் குமிழி இல்லை. கண்டன்சரின் கீழ்வரிசையில்தான் நுரை பொங்கியது. அங்கே அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. காய்ந்த ஓரத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு.

"இங்கன வந்து பாருங்கண்ணே. என் வேலை சுத்தம். தகடுதான் செத்துப்போச்சு. கடலுக்குள்ள விட்டு ஓட்டுனீகளா?"

"நான் என்ன கூறுகெட்டவனா? தெனம் வீட்டுக்கு வந்ததும் ஓஸ் புடிச்சு, முன்னாடி சல்லடை வழியா கழுவித்தான் நிறுத்துறேன்."

"எந்தத் தண்ணியில?"

"வீட்டு போர்த் தண்ணியில."

"அதுல சோறு பொங்குவீகளா?"

"வாயில வைக்க முடியாது. குடிக்க, பொங்க எல்லாம் லாரித் தண்ணி."

பாக்கர் சிரித்துவிட்டார். நாகஜோதியும் விடவில்லை.

"எட்டு மாசமா உப்புத் தண்ணியில குளிப்பாட்டியிருக்கீக. எந்த அறிவாளி சொன்ன யோசனை?"

"நீதாம்மா சொன்னே. சாவி குடுக்கையில. கடக்காத்து உப்பு ஒட்டும், தெனம் தண்ணி அடிச்சு விடுங்கன்னு."

அவளுக்கு நினைவிருந்தது. அபிராமத்தில் தண்ணி என்றால் கண்மாய்த் தண்ணி. எந்தத் தண்ணி என்று யாரும் கேட்பதில்லை. கீழக்கரையில் அது முதல் கேள்வி. சொன்னதற்குச் சாட்சி கிடையாது. சொல்லவில்லை என்று சாதித்தால் அதோடு முடிந்தது. பாக்கர் சிரித்த வாயை இன்னும் மூடவில்லை.

"சொன்னேன்" என்றாள். "எந்தத் தண்ணின்னு சொல்லல. மாட்டுனதுல தப்பில்ல. சொன்னதுலதான் தப்பு."

பாக்கர் வாயை மூடினார். அலமாரியிலிருந்து புதுக் கண்டன்சரை எடுத்துவந்து, சட்டைக் கையை மடித்தார். "நகரு. நான் மாட்டுறேன்."

"இருங்க காக்கா" என்றார் நவாஸ். வண்டியை விட்டு இறங்கி வந்து நுரையைக் குனிந்து பார்த்தார். "அந்தப் புள்ள முடுக்குன எடத்துல ஒரு பொட்டு ஒழுகல. அது மாட்டுறதுக்கு முந்தி நீங்க கேஸ் ஏத்துனது ஒரு மாசந்தான் நின்னுச்சு. புள்ளையே மாட்டட்டும். சாவி குடுக்கையில மட்டும் நீங்க பேசுங்க."

அவள் மாட்டினாள். குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு அரை மணி நேரம் விட்டாள், மீட்டர் முள் அசையவில்லை. கேஸ் ஏற்றியதும் குளிர் வந்தது. நவாஸ் உள்ளங்கையை ஏசி காற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பாக்கர் சாவியை நீட்டினார். "இனிமே கழுவுனா நல்ல தண்ணியில…"

"லாரித் தண்ணிய காருக்கு ஊத்தமாட்டீகண்ணே" என்று குறுக்கே புகுந்தாள் நாகஜோதி. "வீட்டுல கழுவவே வேணாம். வாரம் ஒருக்கா இங்கன கொண்டாங்க. பட்டறைக்குக் காவிரித் தண்ணி வருது. நான் அடிச்சு விடுறேன்."

"பேசாதன்னு சொன்னோம்ல" என்றார் நவாஸ்.

அதற்குள் அவள் அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கிவிட்டாள். பில்லைப் பாக்கரே உட்கார்ந்து எழுதினார்.