அரை லாரித் தண்ணீர்

டமார்!

பிரசவ அறைக்குள்ளிருந்து ஏதோ தெறித்து, எனாமல் தட்டில் மோதி, தரையில் உருண்டது. அடுத்த நொடியே சோவென்று தண்ணீர் கொட்டும் சத்தம்.

"ஆயாம்மா! ஓடி வாங்க! குழாய்த் தலை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு!"

நர்ஸ் புஷ்பமேரியின் அலறலைக் கேட்டு ஆயா பக்ருன்னிசா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சுவரில் தலையில்லாமல் நின்ற குழாய் தண்ணீரை எதிர்ச் சுவர்வரை பீய்ச்சிக்கொண்டிருந்தது. பழந்துணியைச் சுருட்டி அடைத்தாள். துணி பறந்து வந்து அவள் முகத்திலேயே விழுந்தது. உள்ளங்கையால் அழுத்தினாள், விரலிடுக்கில் பீறிட்டது. மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வைத் திருகிப் பார்த்தாள். அது துருவேறி இறுகிக் கிடந்தது.

கட்டிலில் ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். சின்னாளப்பட்டித் தறிக்காரரின் மனைவி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள். அந்த வலியிலும் அவள் கண் தண்ணீரைத்தான் பார்த்தது.

"சிஸ்டர், தண்ணி அம்புட்டும் போகுதே!"

"நீ உன் சோலியப் பாரு தாயி. தண்ணிய நாங்க பாத்துக்கிறோம்."

எங்கே பார்ப்பது? எண்பத்து மூன்றாம் வருடக் கோடை அது. திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் கிணறுகளெல்லாம் பாறை தெரியக் கிடந்தன. வெள்ளைக்கரடு பேரூராட்சியின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு லாரியில்தான் தண்ணீர். அந்தத் தண்ணீர் இப்போது சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி காலியான பிறகுதான் குழாய் நின்றது.

பக்ருன்னிசா தெருவில் இறங்கிக் கத்தினாள். எதிர் வீட்டுக்காரி குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தாள். டீக்கடைக்காரர் பாய்லரில் கொதித்ததை வாளியோடு கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். அந்த இரவல் தண்ணீரில்தான் புஷ்பமேரி கை கழுவினாள். அதில்தான் பிள்ளையையும் குளிப்பாட்டினார்கள். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

தகவல் போய், பேரூராட்சி ஓவர்சீயர் சோலைமலை சைக்கிளில் வந்து இறங்கினார். தரையில் கிடந்த குழாய்த் தலையைக் கையில் எடுத்தவர், புஷ்பமேரியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"என்னம்மா ஆச்சு?"

"நீங்கதான் சொல்லணும் சார். மாட்டி ஒரு மாசம் ஆகல. தண்ணிய மிச்சம் பிடிக்கிற குழாய்னு மாட்டுனீங்க. தொட்டியையே குடிச்சிருச்சு."

தண்ணீர்ப் பஞ்சத்தை முன்னிட்டு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் என்று பொதுக் கட்டடங்களுக்கெல்லாம் வாங்கிய ஸ்பிரிங் குழாய்கள் அவை. தலையை அமுக்கினால் தண்ணீர் வரும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். யாரும் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது. யோசனை நல்ல யோசனைதான். திண்டுக்கல் கான்ட்ராக்டர் முத்துச்சாமி முதலில் கொண்டுவந்து காட்டிய மாதிரிக் குழாயும் நல்ல கனமான பித்தளைதான். ஆனால் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியவை வேறு. மேலே பித்தளைப் பூச்சு, உள்ளே மட்டமான உலோகம். கையில் தூக்கியதுமே சோலைமலைக்குத் தெரிந்துவிட்டது.

சரக்கு வந்தால் இரண்டு மூன்றைப் பிரித்து, ஆபீஸ் குழாயடியில் மாட்டி, சில நாள் ஊர் ஜனங்களை அமுக்க விட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வது அவர் வழக்கம். இந்த முறை பார்க்கவில்லை. "பரிசோதித்தேன், தரமானவை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பணம் வாங்கிக்கொண்டு அல்ல. சோலைமலை அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். தீபாவளிக்கு வந்த மிட்டாய்ப் பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பியவர். அது முத்துச்சாமிக்கும் தெரியும். அதனால்தான் அவர் வேறு மாதிரி பேசினார்.

"சார், வீட்டுல அக்கா குடத்தத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலையிறதப் பாத்தேன். எங்க தோட்டத்துக் கெணத்துல கொஞ்சம் ஊறுது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி ஊத்த நம்ம லாரிதான் இந்தப் பக்கம் வருதே, செத்த நேரம் உங்க வீட்டுல நிக்கட்டும். தண்ணியப் போயி வேணாம்பீகளா?"

அந்தப் பஞ்சத்தில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சோலைமலை தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் வீட்டுத் தொட்டி நிரம்பியது. அதற்குப் பிறகு குழாய்ப் பெட்டிகள் வந்தன.

இப்போது அதே முத்துச்சாமி ஸ்கூட்டரில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சோலைமலையை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எதுக்கு சார் மூஞ்சியத் தொங்கப் போடுறீக? வராண்டாக் குழாயப் பாத்தீகளா? தலைய அமுக்கிப் பிடிச்சுத் துணியச் சுத்திக் கட்டி வச்சிருக்காக. ஸ்பிரிங் குழாய அப்படிக் கட்டுனா ஒடையாம என்ன செய்யும்?"

"ஒடைஞ்சது அது இல்லையே. பிரசவ ரூம்புக் குழாயில்ல ஒடைஞ்சிருக்கு."

"பேப்பருல எழுதுறப்ப எல்லாம் ஒண்ணுதான் சார். ஆயா கட்டுச்சு, ஒடைஞ்சுச்சு. முடிஞ்சு போச்சு."

சோலைமலை பக்ருன்னிசாவைக் கூப்பிட்டார்.

"வராண்டாவுல துணி கட்டுனது நீங்களா?"

"நாந்தான் சார். தண்ணி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? பைப்பத் தொறந்து வச்சு அடியில சட்டிய வச்சுருவோம். சட்டியில சத்தம் கேட்டாத் தண்ணி வந்துருச்சுன்னு ஓடுவோம். இந்தக் குழாய் கையெடுத்தா மூடிக்கிருது. லாரிக்காரன் தொட்டிக்கு ஊத்துனானா இல்லையான்னு எப்படிக் கண்டுக்கிறது? அதான் தொட்டி காலியானதும் வராண்டாவுல ஒண்ணே ஒண்ண மட்டும் கட்டி வச்சேன். சத்தம் கேட்டதும் அவுத்துருவேன். தப்பா சார்?"

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதே பழக்கம்தான். சோலைமலை வீட்டிலும் அதேதான்.

"தப்புத்தான்" என்றார் முத்துச்சாமி முந்திக்கொண்டு. "சர்க்காரு சொத்து அது. சாயங்காலம் ஈ.ஓ. வாராரு, அவருகிட்டச் சொல்லிக்க."

பக்ருன்னிசாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் தற்காலிக ஆயா. ஈ.ஓ. என்கிற நிர்வாக அதிகாரி வாயால் ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு வேலை இல்லை. கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

"ஓவர்சீயர் சார், ஒடைஞ்ச குழாய நான் தொட்டது கூட இல்ல. நீங்க படிச்சவுக. பாத்து எழுதுங்க சார்."

சோலைமலை சைக்கிளை எடுத்தார். ஆயா மேல் எழுதினால் தன் கையெழுத்தை யாரும் கேட்கப் போவதில்லை. இந்த நினைப்போடுதான் வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி. டிரைவர் பாண்டி இறங்கி ரப்பர் ஓஸை இழுத்தான்.

மனைவி சுப்புத்தாய் வாசலுக்குப் போனாள்.

"பாண்டி, இன்னிக்கி இங்க ஊத்தாத. ஆஸ்பத்திரியில சொட்டுத் தண்ணி இல்லையாம். பிள்ள பெத்தவ கெடக்கா. இத அப்படியே அங்க கொண்டுபோயி ஊத்திரு. எங்களுக்கு நேத்தையதே கெடக்கு."

பாண்டி சிரித்துவிட்டான்.

"என்னக்கா, தருமம் பண்ணுற மாதிரிச் சொல்றீக! இது ஆஸ்பத்திரி லோடுதான். பேரூராட்சி பில்லுதான். மொதல்ல இங்க பாதிய எறக்கிட்டு, மிச்சத்த அங்க ஊத்தச் சொல்லித்தான மொதலாளி உத்தரவு. சாருக்குத் தெரியாதாக்கும்!"

சோலைமலையின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"தோட்டத்துக் கெணத்துத் தண்ணின்னாரே..." என்றார்.

"அவரு தோட்டத்துக் கெணத்துல தவளைதான் சார் கெடக்கு."

சுப்புத்தாய் மெதுவாக உள்ளே வந்தாள். கத்தவில்லை.

"அப்ப நான் இத்தன நாளா பிள்ளத்தாச்சிக தண்ணியிலயா தலைக்கு ஊத்துனேன்? துணி தொவச்சேன்?"

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆபீசுல எல்லாருக்கும் குடுக்குறாகன்னு சொன்னீகளே. அந்த ஆளு எதுக்குங்க நமக்கு மட்டும் தண்ணி தந்தாரு? நீங்க அவருக்கு என்ன குடுத்தீக?"

எதிர்த் தெருவில் யாரோ குடத்தை உருட்டும் சத்தம் கேட்டது. சோலைமலை எச்சில் கையோடு எழுந்தார். கையைக் கழுவச் செம்பை எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஓஸைச் சுருட்டு பாண்டி. வண்டிய எடு. நானும் வாரேன்."

லாரி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது நிர்வாக அதிகாரி முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். அவர் பக்கத்தில் முத்துச்சாமி. எதிரில் பக்ருன்னிசா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. புஷ்பமேரி கோபத்தை அடக்கமாட்டாமல் சுவரோரம் நின்றாள்.

"துணி கட்டுனது நீதானே? நீயே ஒத்துக்கிட்டாச்சு. நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றார் அதிகாரி.

"சார், செத்த இருங்க."

சோலைமலை அவரை வராண்டாவுக்கு அழைத்துப் போனார். பக்ருன்னிசா கட்டிய துணியை அவிழ்த்தார்.

"கட்டுன குழாய் முழுசா இருக்கு சார். யாரும் கட்டாத குழாய்தான் ஒடைஞ்சிருக்கு. சரக்கே மட்டம். வாங்கின அம்புட்டையும் கழட்டணும். பள்ளிக்கூடத்துலயும் இதான் நடக்கப் போகுது."

அதிகாரியின் புருவம் ஏறியது. "மட்டமா? பரிசோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானேய்யா?"

"சார், ரோசனை பண்ணிப் பேசுங்க" என்றார் முத்துச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆயா வேலையக் காப்பாத்தப் போயி உங்க வேலைய விட்டுராதீக."

சோலைமலை பக்ருன்னிசாவைப் பார்த்தார். பிறகு அதிகாரியை நேராகப் பார்த்தார்.

"பரிசோதிக்கல சார். தண்டனை எனக்குக் குடுங்க, இந்தம்மாவ விட்டுருங்க. காசாக் குடுத்திருந்தா கை கூசியிருக்கும். தண்ணியாக் குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். இந்த ஆஸ்பத்திரித் தண்ணிதான்னு இன்னிக்குத்தான் தெரியும். லஞ்சம் குடுக்குறவன் எவனும் தன் வீட்டுப் பானையிலேருந்து எடுத்து ஊத்துறதில்ல சார், இல்லாதவுக பானையிலேருந்து எடுத்துத்தான் நம்ம கையில ஊத்துறான்."