பூட்டு ரிப்பேர்

“சத்தமாப் பேசாதீங்க, உள்ளதான் இருக்கா. கேட்டா, பூட்டு ரிப்பேருக்கு வந்திருக்கோம்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

வாசற்படியில் நின்று இப்படிக் கெஞ்சியவர் அந்த வீட்டுக்காரர். முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தி, பாதித் தெருவுக்கு டாக்டர் சீட்டே இல்லாமல் மாத்திரை கொடுத்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்.

எதிரே நின்ற இரண்டு பேரில் ஒருவர் பேங்க் அனுப்பிய வசூல் அதிகாரி. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பத்து நிமிஷம்’. எந்த வீட்டுக்குப் போனாலும், “பத்து நிமிஷம் தர்றேன், கையில ஆனதை எடுத்துக்குங்க” என்பார். ஏழாவது நிமிஷமே கடிகாரத்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். இன்னொருவர் பூட்டுக்காரர். அறுபத்தொரு வயது. தோளில் கருவிப் பை. ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் கதவை மட்டும் பார்த்துப் பழகியவர்.

“என்ன சார் இது, நோட்டீஸ் எல்லாம் முறையா அனுப்பினோமே. சுவத்துலயே ஒட்டிட்டுப் போனோம். வீட்டம்மாவுக்கு இன்னுமா தெரியாது?” என்றார் பத்து நிமிஷம்.

“ஒட்டின அன்னைக்கே தண்ணி தெளிச்சுச் சுரண்டிட்டேன். ஈரம் ஊறுதுன்னு அவகிட்ட சொல்லி, மேல சுண்ணாம்பு அடிச்சுட்டேன். இப்ப அவ அண்ணன் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லியிருக்கேன், சேலை மாத்திக்கிட்டு இருக்கா. நாங்க தெருமுனை தாண்டினதும் நீங்க பாட்டுக்கு வேலையை முடிச்சுடுங்க. அங்க போய் மெதுவா நான் சொல்லிக்கறேன். இங்க வச்சுச் சொன்னா தெருவே கூடிடும் சார். மானம் கப்பலேறிடும்.”

“சாமான் எதையும் எடுக்கலையா? உள்ள வச்சுப் பூட்டினா, அப்புறம் மனுப் போட்டு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுதான் வாங்கணும்.”

“பரவாயில்ல சார்.”

பத்து நிமிஷத்துக்கும் இது வசதிதான். அழுகை இல்லை, கூட்டம் இல்லை. “நல்ல குடும்பத்து ஆளு, பக்குவமா நடந்துக்கறார்” என்று பூட்டுக்காரரிடம் பாராட்டு வேறு.

பூட்டுக்காரருக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல இருந்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது, வாய்விட்டுக் கத்த வழியில்லை. இந்தத் திட்டம் அவருக்குப் புதிதா என்ன? அண்ணன் வீட்டுக்குப் பதில் தங்கச்சி வீடு. மற்றபடி இது அவரே போட்ட திட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் சொந்த வீடு இருந்தது. கையில் தொழில், தலைக்கு மேல் கூரை என்று நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு ஐம்பத்தைந்து வயதில் பெரிய கடை போட ஆசை வந்தது. இரும்புப் பெட்டியும் புதுமாதிரிப் பூட்டுகளும் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்த கடை. அதற்காக வீட்டை அடமானம் வைத்தார். மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். “என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டாள். “படிச்சா உனக்குப் புரிஞ்சிடப் போகுதா? போடு” என்றார். அவள் பத்தாவது பாஸ். இவர் எட்டாவதில் நின்றவர். அதனால் என்ன, குடும்பத் தலைவர் இவர்தானே!

கடை நொடித்தது. நோட்டீஸ் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை. கடைசியில், “உன் தங்கச்சி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாற்றுச் சேலையோடு கிளம்பியவள், திரும்பி வந்ததும் துவைக்கலாம் என்று அழுக்குத் துணியை ஊறப் போடாமல் வைத்துவிட்டுப் போனாள். தன் வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றோடு சரி. நாலாம் நாள், “பேங்க்காரங்க வந்து பூட்டிட்டாங்களாம்” என்று, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர் போல அவளிடம் சொன்னார். உள்ளே இருந்ததில், ஆறு மாசம் அலைந்து வாங்க முடிந்தது அவள் சான்றிதழும் மகள் போட்டோவும்தான்.

இதுவரை தங்கை வீட்டுக்கும் தெரியும். இதற்கு மேல் ஒன்று இருந்தது, அது யாருக்கும் தெரியாது. வேறொரு பூட்டுக்காரன் வந்தால் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும் என்று பயந்து, மனைவியை விட்டுவிட்டு மத்தியானமே தனியாகத் திரும்பி வந்து, “நானே மாத்திக் குடுத்துடறேன் சார்” என்று பத்து நிமிஷத்திடம் கேட்டுக்கொண்டார். தன் வீட்டுக் கதவின் பூட்டைத் தானே கழற்றி, புதுப் பூட்டைத் தானே பதித்தார். “வேலை படு சுத்தம்ணே” என்ற பத்து நிமிஷம் மறுவாரமே போன் செய்தார். அன்றிலிருந்து பேங்க் எடுத்துக்கொள்ளும் வீட்டுக்கெல்லாம் இவர்தான் பூட்டு. விழுந்த குடும்பம் எழுந்து உட்கார்ந்ததே இப்படித்தான்.

முழுப் பாரத்தையும் இவர் தூக்கினார் என்று சொன்னால் அது பொய். மனைவி ஐம்பத்தைந்து வயதில் முதல் முறையாக வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் லாண்டரி. மடிக்கிற மேஜையில் சேர்ந்தவள் இப்போது அந்த மேஜைக்கே மேஸ்திரி. உறவுக்காரர்கள் கேட்டால், “ஆஸ்பத்திரியில வேலை” என்று மட்டும் சொல்லி இவர் வாயை மூடிக்கொள்வார். லாண்டரிச் சங்கத்தின் மூலம் இரண்டு அறை வீடு ஒன்று அமைவதாக இருந்தது. அடுத்த மாதம் முன்பணம் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு பேர் சம்பாத்தியமும் வேண்டும்.

அவள் இவரை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஆனால் வாடகை அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டு போவாள். சான்றிதழ், நல்ல சேலை ஒன்று, மகள் போட்டோ, மருந்து, எல்லாம் அதில். “எதுக்கு இந்த மூட்டை?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். “திரும்பி வந்தா திறக்கும்னு என்ன நிச்சயம்ங்க?” என்றாள். பூட்டுக்காரன் பெண்டாட்டி! அன்றிலிருந்து அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருக்கும்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னப் பர்ஸ், அவ்வளவுதான். பூட்டு ரிப்பேருக்கு வந்திருக்கிறார் என்று கணவர் பூட்டுக்காரரைக் காட்டியதும் உள்ளே திரும்பிப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பூட்டு நல்லாத்தானே இருந்துச்சு? சரி, மாத்தறதுதான் மாத்தறீங்க, சாவி ரெண்டாக் குடுங்கண்ணே. இவர் எப்பவும் ரெண்டையும் தன் பாக்கெட்லயே போட்டுக்குவார். நான் வாசல்ல உக்காந்து தெருவை எண்ணிட்டு இருக்கணும்” என்று சிரித்தாள். பிறகு கணவரிடம், “சாயங்காலம் வந்துடுவோம்ல? மொட்டை மாடியில துணி காயுது” என்றாள்.

“ம்” என்றார் அவர்.

அந்த ‘ம்’மை பூட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், முன்பணம் போகும். எல்லாம் தெரிந்துதான் சொம்பைக் கீழே வைத்தார்.

“அம்மா, நீங்க சாயங்காலம் வர மாட்டீங்க. நான் ரிப்பேருக்கு வரலை. உங்க வீட்டைப் பேங்க் எடுத்துக்குது. வேணுங்கறதை இப்பவே எடுத்துக்குங்க. விட்டா ஒரு கரண்டி வாங்கறதுக்கு ஆறு மாசம் அலையணும்.”

“யோவ்! உன்னை யாருய்யா பேசச் சொன்னது?” என்று பாய்ந்தார் பத்து நிமிஷம். இரண்டு வருஷம் ‘அண்ணே’ போட்ட வாய்.

அவள் பூட்டுக்காரரையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. சுவரில் வெள்ளையாகத் தெரிந்த அந்தச் சுண்ணாம்புத் திட்டைப் பார்த்தாள்.

“அப்ப அது ஈரம் இல்லையா?”

“உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்…” என்று இழுத்தார் கணவர்.

“கஷ்டப்படுத்தாம நடுத்தெருவுல விடறதுக்கா?” குரல் ஒரு கணம் உடைந்தது. அழப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அக்கா! எதிர்வீட்டக்கா! கொஞ்சம் வாங்க, எங்க வீடு போகுது, சாமான் தூக்கணும்!” மழை வருது துணி எடுக்கணும் என்று கூப்பிடுகிற மாதிரி.

எந்தத் தெரு சிரிக்கும் என்று பயந்து அந்த மனுஷன் இத்தனை நாள் சுவரைச் சுரண்டினாரோ, அந்தத் தெரு வந்தது. “ஐயையோ, எப்ப இருந்து?” என்று கேட்டார்கள். “நான் அப்பவே நினைச்சேன்” என்று ஒருத்தி இன்னொருத்தி காதைக் கடித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தூக்கியது. ஒரு வீட்டில் பீரோவுக்கு இடம் கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பாத்திரத்துக்கு. சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற கணவரிடம் அவள் சொன்னாள்: “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன? கட்டிலோட அந்தக் காலைப் பிடிங்க.”

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆனது. பூட்டுக்காரரும் தூக்கினார். எல்லாம் முடிந்த பிறகு பூட்டையும் மாற்றினார். வீடு போனது போனதுதானே, அதை யார் நிறுத்துவது? அதிகாரி சாவியை வாங்கிக்கொண்டு, “நாளையிலேர்ந்து வர வேண்டாம். இன்னைக்குக் கூலியும் கிடையாது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் மனைவி லாண்டரியிலிருந்து வந்து முகம் கழுவும்வரை காத்திருந்து பூட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

“வேலை போனாப் போகுது. நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க” என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பாராட்டு அவருக்குச் செருப்படியாக இருந்தது. யார் வீட்டுப் பெண்ணுக்கோ திறந்த வாய் இவளுக்கு இன்னும் திறக்கவில்லையே.

“நம்ம வீட்டுப் பூட்டை மாத்தினதும் நான்தான்.”

துண்டு பாதியில் நின்றது. “எது, நான் தங்கச்சி வீட்டுல இருந்தப்பவா?”

“ஆமா. அன்னைக்கு மத்தியானமே.”

“கூலி குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“வாங்கினீங்களா?”

“வாங்கினேன்.”

அவள் துண்டை நாலாக மடித்துக் கொடியில் போட்டாள். அவருக்குத் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. பிறகு அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

“இன்னைக்கு அந்தம்மா என்னென்ன எடுத்தாங்க?”

கட்டில், பீரோ, மாடியில் காய்ந்த துணி, ஊறுகாய் ஜாடி என்று நினைவு வந்ததைச் சொன்னார்.

“நான் தையல் மெஷினை எடுத்திருப்பேன். நான் சம்பாதிக்கறதுக்கு வழி சொல்லியிருக்கும் அது. மக எழுதின கடுதாசி எல்லாம் பிஸ்கட் டப்பாவுல இருந்துச்சு, அதை எடுத்திருப்பேன். அடுக்களை ஜன்னல்ல ஒரு கத்தரிக்கோல், அது மாதிரி இன்னொண்ணு எனக்கு இன்னைவரைக்கும் கிடைக்கலை. பாதி பின்னின ஸ்வெட்டர். எங்கப்பா கைக்கடியாரம். உங்கம்மா போட்டோ… அவங்களுக்கும் எனக்கும் ஆகாதுதான், ஆனாலும் விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்.”

ஒவ்வொரு அறையாக நடந்து போகிறவள் போல அவள் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இதைப் பேசியதில்லை. அவர் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“என்னை மன்னிச்சிடு” என்றார்.

“அது இப்ப என்னால முடியாதுங்க. முடியறப்பச் சொல்றேன்.” எழுந்து விளக்கைப் போட்டாள். “காலையில ஆறு மணிக்கு என்கூட லாண்டரிக்கு வாங்க. ஈரத் துணி தூக்க ஆள் கேட்டாங்க. என் மேஜைக்குத்தான். முன்பணம் விட்டுப்போயிடக் கூடாது. புது வீடு என் பேர்லதான் எழுதச் சொல்லியிருக்கேன். வர்ற கடுதாசியை நான்தான் பிரிப்பேன்.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கடைசியில் தயங்கித் தயங்கி, “உனக்குக் கீழயா? சொந்தக்காரங்க யாராவது பாத்தா… ஒரு மானம்…” என்றார்.

அவள் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“என் பொருள் அத்தனையையும் உள்ள விட்டுட்டு, இந்த மானத்தை மட்டும் பத்திரமாத் தூக்கிட்டு வந்திருக்கீங்க பாருங்க. அதையும் அங்கயே வச்சுப் பூட்டியிருக்கலாம்.”