நாற்பத்தெட்டு எண்கள்

தேசிய அறிவியல் பேரவை ஏரியூரில் நிலத்தடி நீர் ஆய்வு மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்த்தவர் சவுரியப்பன். கள உதவியாளர் என்பது பதவியின் பெயர். சுற்றியுள்ள ஊர்களில் பன்னிரண்டு போர்வெல்களைப் பேரவை தேர்ந்தெடுத்திருந்தது. மாதம் ஒருமுறை வண்டியில் போய் ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்து வருவார். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்த்து எழுதி வைப்பார். இருபத்தொரு வருடம் இதைத்தான் செய்தார்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் கறை விழுவதும், நாற்பது வயதுக்குள் முழங்கால் மடங்காமல் போவதும் இந்தத் தண்ணீரால்தான். ஆனால் மழைக்காலத்தில் சோதித்தால் நல்ல தண்ணீர் என்றே காட்டும். மாசியில் ஏறத் தொடங்கி வைகாசியில் மூன்று மடங்காகிவிடும். வருடக்கணக்கில் மாதந்தோறும் அளந்தால்தான் அது பிடிபடும். அப்படி அளந்தது ஏரியூர் மையம் ஒன்றுதான். அந்த எண்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான், மையத்தின் பொறுப்பாளர் டாக்டர் வெண்மதி ஆறு வருடத்துக்கு முன் கருங்கல்மேட்டுப் போரை மூட வைத்தார்.

வெண்மதிக்குச் சொந்த ஊர் அதியமான்கோட்டை. அவர் வருவதற்கு முன்பு இருந்த பொறுப்பாளர் டெல்லியிலேயே இருந்துகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும் தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பேரவையின் நாற்பத்தொரு மையங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். வேண்டியவர்களுக்குப் பதவி, கேள்வி கேட்டால் மாற்றல். பேரவையைச் சீர்திருத்த வேண்டும் என்று அறுபது விஞ்ஞானிகள் எழுதிய கடிதத்தில் வெண்மதியும் கையெழுத்துப் போட்டார். அதனால் இரண்டு பதவி உயர்வு போயிற்று. அதைப் பற்றி அவர் புலம்பிச் சவுரியப்பன் கேட்டதில்லை.

கடைசியில் சீர்திருத்தம் வந்தேவிட்டது. புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்று, எல்லா மையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு மையமும் தன் பதிவுகள் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். அளக்காமல் எழுதியது எதுவும் இருந்தால் தானாகவே சொல்லிவிட வேண்டும். முன்வந்து சொல்கிறவர்களுக்குத் தண்டனை இல்லை.

"பாத்தீங்களாண்ணா, இதைத்தான் பத்து வருஷமா கேட்டோம்," என்றார் வெண்மதி. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைச் சவுரியப்பன் அதற்கு முன் பார்த்ததில்லை.

சவுரியப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெண்மதியின் மேசைக்கு எதிரே போய் நின்றார்.

"மேடம், ஒன்னு சொல்லணுங்க."

"உக்காந்து சொல்லுங்கண்ணா."

அவர் உட்காரவில்லை. "ரெண்டாயிரத்துப் பதினேழுல பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் நான் ஒரு போருக்கும் போவலீங்க. தெரசாவைச் சேலத்துல சேத்திருந்தேன். நீங்க இங்க வர்றதுக்கு முந்தி. லீவு கேட்டு டெல்லிக்கு எழுதினதுக்கு, மாத்து ஆளு இல்ல, பதிவு நிக்கக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. முந்தின வருஷத்து நோட்டைப் பாத்து, இங்க கொஞ்சம் கூட்டி அங்க கொஞ்சம் குறைச்சு, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதிப்புட்டேனுங்க. மொத்தம் நாப்பத்தெட்டு."

அந்த மே மாதக் கடைசியில்தான் அவர் மனைவி தெரசா இறந்துபோனாள். அது வெண்மதிக்கும் தெரியும்.

வெண்மதி அந்த வருடத்து நோட்டை எடுத்துப் புரட்டினார். 'விடுங்கண்ணா, யாருக்குத் தெரியப் போவுது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று சவுரியப்பனின் மனசு ஏங்கியது. உண்மையைச் சொல்லத்தான் வந்தார் என்றாலும், சொல்லி முடித்த பிறகு அந்த ஏக்கம்தான் மிச்சம் இருந்தது.

"மூவாயிரத்துல நாப்பத்தெட்டு," என்றார் வெண்மதி. "அதை எடுத்துட்டாலும் மத்த இருபது வருஷக் கோடையும் அதேதான் சொல்லுது. எழுதி அனுப்பிடலாம். நாம கேட்ட நேர்மைதானே? நமக்கு மட்டும் வேணாம்னா எப்படி?"

இருவருமாக உட்கார்ந்து நாற்பத்தெட்டு எண்களையும் சிவப்பில் குறித்தார்கள். விளக்கக் கடிதத்தை வெண்மதியே எழுதினார். அன்று மாலை சவுரியப்பன் வீட்டுக்குப் போய், பல வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

நான்கு மாதம் கழித்துப் பிரபாகர் என்ற அதிகாரி பெங்களூரிலிருந்து வந்தார். சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார். சவுரியப்பன் எழுந்து நின்றபோது, கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்.

"உங்களை மாதிரி ஒருத்தர்கூட இவ்வளவு வெளிப்படையா எழுதலைங்க," என்றார். பிறகு வெண்மதியிடம் திரும்பினார். "ஆனா மேடம், விதி ஒன்னு இருக்கு. தெரிஞ்சே எழுதின பொய்ப்பதிவு ஒன்னு இருந்தாலும் அந்தத் தொகுப்பைத் தேசியத் தரவுக் களஞ்சியத்துல சேக்க முடியாது."

"அந்த நாலு மாசத்தை எடுத்துடுங்க. மீதி இருக்கே."

"மீதி சரின்னு யார் சொல்றது? எழுதினது அதே கை."

"மத்த மையமெல்லாம் எப்படி எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, சார்? மேசையில உக்காந்தே எழுதினவங்க இருக்காங்க."

"இருக்கலாம். அவங்க யாரும் அப்படிச் சொல்லலையே," என்றார் பிரபாகர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே அது கஷ்டமாகத்தான் இருந்தது. "விதியை ஒரு மையத்துக்குத் தளர்த்தினா, பழைய பேரவைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அது வெண்மதியின் வாதம்தான்; அறுபது பேர் கடிதத்தில் கிட்டத்தட்ட அதே வரி இருந்தது.

புதிய குழு நாற்பத்தொரு மையங்களைப் பதினான்காகக் குறைத்தபோது ஏரியூர் பட்டியலில் இல்லை. ஏற்கத்தக்க தொகுப்பு இல்லாத மையம் என்று காரணம் போட்டிருந்தது. வெண்மதிக்கு ஹைதராபாத் மண்டல மையத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே போர்வெல் அளக்கும் வேலை இல்லை. மூன்று முறை மேல்முறையீடு செய்தார். மூன்றுக்கும் 'பெறப்பட்டது' என்று பதில் வந்ததோடு சரி. கிளம்புகிற அன்று நோட்டுகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒப்படைக்க இடமில்லாமல் சவுரியப்பனிடமே கொடுத்தார்.

"உங்க மேல தப்பில்லைண்ணா. நான்தான் அனுப்பினேன்," என்றார்.

சவுரியப்பனுக்குத் தண்டனை கிடையாது என்று சொன்னபடியே நடந்தது. ஓய்வுக்கு ஒன்றரை வருடமே இருந்ததால் முன்னதாகவே முழுப் பலனோடு விடுவித்தார்கள். பேரவைத் தலைவர் கையெழுத்திட்ட பாராட்டுக் கடிதமும் வந்தது. அவருடைய வாக்குமூலத்தைப் பெயர் சொல்லாமல் எல்லா மையங்களுக்கும் முன்மாதிரியாக அனுப்பியிருப்பதாக அதில் இருந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு யாரிடமும் காட்டவில்லை.

மாசி பிறந்தது. குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. கருங்கல்மேட்டுக்காரர்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மூடின போரைத் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சவுரியப்பன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். கிளார்க் நவநீதன் அவரை நெடுநாளாக அறிந்தவர்.

"நவம்பர்ல எடுத்த சாம்பிள் பாஸ் ஆயிருக்குங்க," என்றார் நவநீதன்.

"நவம்பர்ல பாஸ்தான் ஆவும். கோடையில பாருங்க. இந்தாங்க, இது மாதிரி இருபது வருஷத்து நோட்டு வூட்டுல இருக்குது."

நவநீதன் நோட்டைத் தொடவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கள உதவியாளரே பொய்ப்பதிவை ஒப்புக்கொண்டிருப்பதால், ஏரியூர் மையத்தின் பதிவுகளை எந்த முடிவுக்கும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று பேரவையே எழுதியிருந்தது.

"உங்க ஆபீசே சொல்லுது. நான் என்னங்க பண்றது? சனங்க ரோட்டுல உக்காந்திருக்காங்க."

சவுரியப்பன் அங்கிருந்து நேரே கருங்கல்மேட்டுக்குப் போனார். அதற்குள் போரைத் திறந்திருந்தார்கள்; மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் காவேரி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு போருக்கு நேர் எதிரே. மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயசு. பல்லெல்லாம் கறை, கால் இரண்டும் உள்பக்கமாக வளைந்தவை. இளையவள் போர் மூடிய பிறகு பிறந்தவள். அவள் வாசலில் நின்று ஒரு லோட்டாவில் குடித்துக்கொண்டிருந்தாள். பல் அரிசி மாதிரி வெள்ளையாக இருந்தது.

"காவேரி, இதைக் குடிக்கக் குடுக்காதம்மா. உனக்குத் தெரியாததா."

"தெரியுங்கண்ணா." அவள் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற எதைக் குடுக்கறதுன்னு சொல்லுங்க, குடுக்கறேன்."

சவுரியப்பன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"உங்க எழுத்தையெல்லாம் பொய்யின்னு சொல்லிட்டாங்களாம். நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு கிளார்க் சொன்னாரு," என்றாள்.

"நாலு மாசம்தாம்மா. மத்ததெல்லாம் சத்தியம்."

"அந்த நாலு மாசமும் நீங்க வரலன்னு எனக்கு அப்பவே தெரியும்ணா. எங்க வூட்டு வாசல்லதான இருக்குது போரு. டெல்லி ஆபீசுல இருந்து ஒருத்தரு வந்து, மாசா மாசம் தண்ணி எடுக்கறாங்களான்னு ஒருக்கா கேட்டாரு. எடுக்கறாங்கன்னு சொன்னேன். தெரசாக்கா அங்க சாவக் கெடக்கறாங்க, இவரு தண்ணி புடிக்க வரலன்னு எந்த வாயால சொல்றது?"

ஏழு வருடமாக இது சவுரியப்பனுக்குத் தெரியாது.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க," என்றாள் காவேரி. குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. "நீங்களும் சொல்லாம இருந்திருக்கலாம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். குடம் தளும்பிக்கொண்டிருந்தது. காவேரி முந்தானையைச் செருகிக்கொண்டு இடுப்பைச் சாய்த்தாள்.

"கொஞ்சம் தூக்கி வுடுங்கண்ணா."

அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்.