ஏர்பேக் மூடிமேல் முனீஸ்வரன்

1

"மாமா, அந்தச் சாமியைக் கழட்டுங்க."

அக்கா வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்காதே, சாமி விஷயத்தில் வாயே திறக்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை ஓசூருக்கு வேலைக்கு அனுப்பினாள். திறந்துவிட்டேன். இந்தக் கதை அந்த வாயிலிருந்து வந்தது.

2

முதலில் எழுதியது: 'ஜூஜுவாடி எல்லையில், பனி மூடிய காலையில், ஒரு வெள்ளைக் கார்...' (அடித்துவிட்டேன். பனி அழகு. நான் சொல்ல வருவது அழகில்லை.)

புதுக் காரின் டாஷ்போர்டில், இடப்பக்க ஏர்பேக்கின் மூடிமேலேயே பித்தளை முனீஸ்வரனை ஒட்டியிருக்கிறார் ராஜசேகர் மாமா. மோதினால் கண் இமைப்பதற்குள் பை மூடியைப் பிய்த்துக்கொண்டு விரியும். அரிவாளோடு சாமி நேராக எதிர் சீட்டுக்குப் பறப்பார். அந்தச் சீட்டில் ஏழு மாத வயிற்றோடு என் அக்கா சுமலதா. பெல்ட்டும் கிடையாது, அலாரம் கத்தாமலிருக்க பெல்ட் பூட்டில் வெறும் கொக்கியைச் செருகிவைத்திருக்கிறார்.*

* பெல்ட் போட்ட உடம்பைத்தான் ஏர்பேக் தாங்கும். போடாமல் முன்னால் பாய்ந்தால் அதே பை அடிக்கும்.

3

மாமாவைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். வரவில்லை. அக்காவுக்கு முடியாத நாளில் சமைப்பவர் அவர்தான். அதுதான் எரிச்சல்.

"ஏர்பேக் கம்பெனில நீதான செக் பண்ற? ஒழுங்கா பண்ணு, சாமிக்கு அடிபடாது" என்று சிரித்தார்.

"அங்க மோதவிடுற பொம்மைக்கே பெல்ட் போட்டுத்தான் விடுறோம் மாமா."

"பொம்மைக்குத் தொணைக்குச் சாமி இல்லையே!"

"அப்ப அக்கா பின்னாடி உக்காரட்டும்."

"ஏன், நான் என்ன அவளுக்கு டிரைவரா?"

அக்கா என்னைக் கிள்ளினாள். "பெல்ட்டு வயித்த அழுத்துதுடி. சும்மா இரு."

"வயித்து மேல போட்டா அழுத்தும். அடிவயித்துக்குக் கீழ, இடுப்பெலும்போட போடு."

"வீட்டுக்கே மொத டிகிரி," என்றார் மாமா. "சாமிக்கே எடம் காட்டுறா."

4

முடிவுகள்:

அ) சூளகிரி தாண்டி முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, மாமா பிரேக்கை... (எழுத மாட்டேன். நான் சொன்னது சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ள என் அக்கா அடிபட வேண்டுமா?)

ஆ) மாமா மனம் மாறுகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

இ)

வாசலில் கார் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேன் எடுக்கக் கிருஷ்ணகிரிக்குக் கிளம்புகிறார்கள். அக்கா முன்கதவைத் திறக்கிறாள்.

சாமியை டேப்பில்தான் ஒட்டியிருக்கிறார். அறுக்க நைலான் நூல் போதும், விரலில் சுற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் சாமிக்கு அலமாரி இருக்கிறது. மாமா கத்துவார், அம்மா போனில் அழுவாள். ஆகட்டும். செருப்பை மாட்டிவிட்டேன்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நூல் இழுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.