பெருவிரலில் சுண்ணாம்பு

தௌலா குவானில் பஸ் திரும்பும்போதே சிவஞானம் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். ஜனக்புரியிலிருந்து செக்ரடேரியட்டுக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போகும் சார்ட்டர்டு பஸ் அது. ஏறினால் ஆபீஸ் வாசலில்தான் இறக்கிவிடும். சிவஞானத்துக்கு மட்டும் சாணக்யபுரிக்குச் சற்று முன்னால், காட்டோரமாக, ஒரு தனி ஸ்டாப் உண்டு. டிரைவர் எதுவும் கேட்பதில்லை, மெதுவாக ஓரங்கட்டுவான். கடைசி சீட்டில் சீட்டாடுகிறவர்கள் மஃப்ளருக்குள்ளிருந்து ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதாக அவர் ஒருமுறை சொல்லிவைத்திருந்தார். ஜனவரி மாதத்துப் பனியில், காலை ஒன்பது மணிக்கு, கருவேலம் புதருக்குள் இறங்கி நடக்கச் சொல்லும் டாக்டர் யார் என்று யாரும் கேட்டதில்லை. டில்லியில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.

புதர் மறைவில் நின்றால் உடனே வந்துவிடாது. பஸ்ஸில் அந்தப் பாடு படுத்தியது, இறங்கிய பிறகு அடம் பிடிக்கும். நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவருக்கே எரிச்சலாக வரும். அது முடிந்ததும் உள்வலி கிளம்பும். முதுகு என்றும் சொல்ல முடியாது, வயிறு என்றும் சொல்ல முடியாது, உட்காருகிற இடத்துக்கு உள்ளே எங்கேயோ ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்ட மாதிரி. அதைச் சுமந்துகொண்டு தூதரகங்களின் மதில் ஓரமாக இரண்டு மைல் நடந்து ஆபீஸ் போவார். அன்று கோட்டுப் பையில் மகள் பூங்கோதையின் பள்ளிக்கூட டி.சி.யும் இருந்தது. மத்தியானத்துக்குள் அதை ரிஜிஸ்டர் தபாலில் ஈரோட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆசியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. முதலில் வெறும் கடுப்பு. சூடு என்றாள் அம்சவேணி. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தாள், சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பெருவிரல் நகத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவினாள். முதலில் வலது, அப்புறம் இடது. ஈரோட்டுப் பக்கத்தில் நீர்க்கடுப்புக்கு எல்லாரும் செய்வதுதான். பூங்கோதைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. அப்பா நெயில் பாலிஷ் போட்டிருக்கார் என்று ஹிந்தியில் கத்துவாள். ஒன்பது நாள் கழித்து, நின்றுவிட்டது, போதும் என்று சிவஞானம் சொன்னார். நிற்கவில்லை. பெண்டாட்டியோடு படுத்து எழுந்த மறுநாள் வலி இரட்டிப்பாக ஆவதை அவர் கவனித்திருந்தார். அந்த விஷயத்தை எந்த வாயால் சொல்வது?

காலனி டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்றால் அங்கே வரிசையில் பாதிப் பேர் தமிழர்கள். அதிலும் எதிர் பிளாக் பட்டாபி வாரம் மூன்று நாள் ஆஜர். அவர் காதில் விழுந்தது மறுநாள் காலை ஆபீஸ் கான்டீனில் பரிமாறப்படும். ஆகவே சிவஞானம் சுவரைப் படித்தார். டில்லியில் ரயில் பாதை ஓரத்துச் சுவர் பூராவும் ஆண்களின் ரகசிய நோய்களுக்கு விளம்பரம் எழுதியிருக்கும். அதில் ஒரு விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு கரோல் பாகில் ஒரு மாடி ஏறினார். மேலே இருந்த ஹகீம் நாடி பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் தப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். அறுபத்திரண்டில், இதே கரோல் பாகில் மெஸ்ஸில் இருந்த காலத்தில், அறை நண்பர்களோடு அந்த மாதிரி ஒரு தெருவுக்குப் போய், மாடிப்படி வரைக்கும் போய், பயந்து திரும்பி வந்தது உண்டு. படியில் காலே வைக்கவில்லை. ஆனாலும் ஹகீம் கேட்டதும் முகம் வெளுத்துப்போயிற்று. ஹகீமுக்கு அது போதுமானதாக இருந்தது. பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொடுத்து, மனைவிக்கு ஒட்டிக்கொள்ளும், தொடாதே என்று உத்தரவு போட்டார். சிவஞானம் சர்க்கார் ஊழியர், மேலிடத்து உத்தரவைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாதவர். அன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு, குளியலறைக் கதவோரம் இழுத்துப் போட்டார். ஆபீஸ் ஃபைல் பார்க்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார்.

அம்சவேணி ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்தாள். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், பூங்கோதை பள்ளிக்கூடம் போயிருக்க, அவருக்கு மட்டும் ஆபீஸ் லீவாக இருந்த ஒரு நாளில், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறனுங்க. மறைக்காம சொல்லிருங்க. வேற ஆராச்சும் இருக்கறாங்களா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அதற்கு அவர் வாயைத் திறந்தார். திறந்த அந்த நேரம் பார்த்து அடிவயிற்றில் அது முட்டியது. எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொட்டுச் சொட்டாகப் போய் முடிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்து நினைத்து அவர் அதற்கப்புறம் தன்னையே எத்தனையோ தரம் செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன தாயும் மகளும் திரும்பி வரவில்லை. டிசம்பரில் வலி தாங்காமல் சிவஞானம் லீவு போட்டுவிட்டு, பட்டாபி போன்றவர்கள் எட்டிப் பார்க்காத ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு சர்தார்ஜி. கையுறை மாட்டிக்கொண்டு அவர் செய்த பரிசோதனையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சிவஞானம் தீர்மானித்திருக்கிறார். பரிசோதனையெல்லாம் முடிந்து, ஒரு வாரம் கழித்து ரிசல்ட்டும் வந்த பிறகு, டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இது மூத்திரப்பை. இதற்குக் கீழே, குழாயைச் சுற்றி, அக்ரூட் கொட்டை அளவுக்கு ஒரு சுரப்பி. புராஸ்டேட் என்று பெயர். எல்லா ஆம்பிளைக்கும் உண்டு, ராஷ்டிரபதிக்கும் உண்டு. உனக்கு அது அழற்சி பிடித்து நாள்பட்டுப் போயிருக்கிறது. கிருமி ஒன்றும் அகப்படவில்லை, பலருக்கும் அகப்படுவதில்லை. மாத்திரை ஆறு வாரம் சாப்பிட்டுப் பார். வெந்நீர்த் தொட்டியில் தினம் உட்கார். அடக்கி வைக்காதே. காரத்தையும் டீயையும் குறை. புற்றுநோய் இல்லை. குறையும், மறுபடி தலைகாட்டும், மறுபடி குறையும். அதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மனைவிக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று சிவஞானம் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யார் சொன்னது, எந்த முட்டாள் சொன்னது, ஒட்டாது, விலகியிருக்கவும் தேவையில்லை என்றார். அப்புறம், வீட்டில் வெந்நீர் போட்டுத் தர ஆள் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது என்று சிவஞானம் பொய் சொன்னார்.

வீட்டில் இருந்தது பூங்கோதையைக் குழந்தையில் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டி. இம்மர்ஷன் ராடு போட்டு வாளியில் நீர் காய்ச்சி, தொட்டியில் ஊற்றி, நாற்பத்தைந்து வயது மனுஷர் முழங்கால் மோவாயில் இடிக்க அதற்குள் உட்காருவார். தொட்டியின் ஓரத்தில் மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போகும், ஒன்றுக்குத் தலை அழிந்திருக்கும். சூடு ஏறும்போது வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடும். அந்த நேரத்தில்தான் தனிமை உறைக்கும். ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்துக்காகக் குடும்பத்தைத் தொலைத்துவிட்டு வாத்துத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்து, நீர் ஆறும்வரை அழுவார். கேட்பதற்கு யாரும் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே அழுவார்.

ஊருக்கு எழுதத்தான் முடியவில்லை. அம்சவேணிக்குப் படிக்கத் தெரியாது. அவர் அனுப்பும் இன்லண்ட் லெட்டரை அவள் அண்ணன் ராஜசேகரன் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். அவர் சம்சாரம், வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் கேட்பார்கள். பூங்கோதையை வாசிக்கச் சொல்லலாமென்றால் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், தவிரவும் மகள் வாசிக்கிற சமாசாரமா இது? இப்படி நாள் தள்ளிக்கொண்டே போனதில் பொங்கல் வந்தது, பொங்கலோடு ராஜசேகரனின் கடிதமும் வந்தது. தங்கை இனி இங்கேயே இருக்கட்டும், ஹெட்மாஸ்டர் தெரிந்தவர், தையிலேயே பாப்பாவைச் சேர்த்துக்கொள்கிறார், டி.சி.யை உடனே அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். ஒரு கடுஞ்சொல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் டி.சி. எழுதிய குமாஸ்தா என்ன காரணம் போடட்டும் என்று கேட்டதற்கு, குடும்பக் காரணம் என்று சிவஞானமே சொல்லிவிட்டு வந்தார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜன்பத் ஈஸ்டர்ன் கோர்ட் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் தபால் வரிசையில் நின்றார். கவரில் விலாசமும் எழுதியாயிற்று. பக்கத்தில் டிரங்க் கால் கூண்டுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். மணிப்பூரோ நாகாலாந்தோ, சிப்பாய் மாதிரி வெட்டிய தலை. என்ன பாஷையோ, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, தொண்டை கிழியக் கத்தினார். கூண்டுக்கு வெளியே இருபது பேர் நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒரு சொல் புரியவில்லை, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவஞானத்துக்கு முன்னால் இரண்டே பேர்தான் பாக்கி இருந்தார்கள். வரிசையை விட்டு விலகி, டிரங்க் கால் கவுன்டருக்குப் போனார்.

ஈரோட்டுக்கு அர்ஜண்ட், பி.பி. கால். பேசவேண்டிய ஆள் அம்சவேணி. அவள் வந்து ரிசீவரை எடுத்தால்தான் நிமிஷம் ஓடத் தொடங்கும். போன் இருப்பது ராஜசேகரனின் மஞ்சள் மண்டியில், வீடு அதற்குப் பின்னாலேயே. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். அதற்குள் நாலு தடவை கழிப்பறைக்கு ஓடினார், ஒவ்வொரு தடவையும் ஈரோடு என்று கூப்பிட்டுவிடுவானோ என்று காதை வெளியே வைத்துக்கொண்டு. ஐந்தாவது தடவை கூப்பிட்டே விட்டான். பாதியில் நிறுத்திக்கொண்டு, பொத்தானைப் போட்டபடி ஓடி வந்தார்.

"ஆருங்க?" என்றது அம்சவேணியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. அவளுக்குப் பின்னால் மண்டிச் சத்தமும், மாப்பிள்ளையா, டி.சி. அனுப்பியாச்சான்னு கேளு என்று ராஜசேகரன் சொல்வதும் கேட்டன.

"நாந்தான் வேணி. குறுக்க பேசாத, மூணு நிமிசந்தான். வேற ஆரும் இல்ல புள்ள. என்னிக்கும் இல்ல. எனக்கு நோவு. அன்னிக்கு வந்த கடுப்பு நிக்கவே இல்ல, நின்னுபோச்சுன்னு பொய் சொன்னேன். உள்ள ஒரு சுரப்பி வீங்கிக் கெடக்குதாம். உனக்கு ஒட்டிக்கும்னு ஒருத்தன் சொன்னான், நம்பிக் கட்டிலை இழுத்துப் போட்டுட்டேன். ஒட்டாதாம். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. நீ கேட்டியே, அன்னிக்கு எந்திரிச்சுப் போனது ஒண்ணுக்குத்தான் புள்ள. அடக்க முடியல."

வாழ்நாளில் அத்தனை சத்தமாக அவர் பேசியதில்லை. வெளியே நின்றவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

லைனில் சரசரவென்று சத்தம். டி.சி. பாக்கெட்டில்தான் இருக்கிறது, அனுப்பட்டுமா வேண்டாமா, நீ சொல்லு என்று கத்தினார். அவள் பக்கத்திலேயே அண்ணன் நிற்கிறார், கணக்கப்பிள்ளை நிற்கிறார், மூட்டை தூக்குகிறவர்கள் நிற்கிறார்கள். அங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும். அவள் என்ன சொல்ல முடியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நிமிஷம் என்று எக்ஸ்சேஞ்சுப் பெண் ஹிந்தியில் குறுக்கிட்டாள்.

"சுண்ணாம்பு வெக்கறீங்களா?" என்றாள் அம்சவேணி.

"இல்ல."

"வெய்யுங்க. ரெண்டு கால்லயும் வெய்யுங்க." குரல் நடுங்கியது, அல்லது லைன் நடுங்கியது. அதோடு அறுந்துவிட்டது.

வெளியே நல்ல வெயில். ஜனவரியில் டில்லி மத்தியானத்தில் மட்டும் வரும் வெயில். வாசல் பான் கடைக்காரனிடம் கொஞ்சம் சூனா மட்டும் வேண்டும் என்றார். பீடா இல்லாமலா என்று அவன் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, வெற்றிலைக் கிள்ளலில் ஒரு விரல் தடவிக் கொடுத்தான், காசு வேண்டாமென்றான். சிவஞானம் நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்து பூட்ஸையும் கம்பளிக் காலுறையையும் கழற்றினார். இதனால் அந்த அக்ரூட் கொட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். வலது பெருவிரல் நகத்தைச் சுற்றி முதலில் தடவினார், அப்புறம் இடது. அவள் விரலுக்கு வருகிற வட்டம் அவருக்கு வரவில்லை, கோணலாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும், கோட்டு போட்ட ஒரு மனிதர் வெறுங்காலை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பையில் கவர் விலாவில் இடித்தது. கீழே பழைய அவசரம் மறுபடி முட்டத் தொடங்கியிருந்தது. இது காயட்டும், போகலாம் என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.