பல்கலைக்கழக வாசலில் ஒரு குதிரை

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரிவதில்லை. ஆயுள் முழுக்க அங்கே கால்நடை மருத்துவம் கற்பித்தவனைப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க தாத்தா?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். கேட்கட்டும். நான் சேர்ந்தபோது வெள்ளையடித்த ஒரே கட்டடம்தான் இருந்தது. மங்கோலியா முழுவதற்கும் பல்கலைக்கழகம் என்றால் அதுதான். வாசலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே குதிரை கட்டும் கயிறு ஓடியது.

உலான்பாத்தருக்கு நான் கிளம்பிய அன்று அம்மா என் வலது கன்னத்தை மட்டும் முகர்ந்தாள். "இடது கன்னம் நீ திரும்பி வந்ததும்" என்றாள். எங்கள் பக்கம் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். அப்பா மந்தையிலேயே நல்லதான செம்பழுப்புக் குதிரையின் கடிவாளத்தை என் கையில் கொடுத்தார்.

ஊரில் எங்கள் கூடாரத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் கிடையாது. அங்கே தனிமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இங்கே விடுதியில் தோளோடு தோள் இடிக்கப் படுத்துக்கொண்டு தனிமையில் செத்துக்கொண்டிருந்தேன். பாடமெல்லாம் ருஷ்ய மொழியில். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். கடினமான சொல் வந்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருப்பேன்.

மாலையானால் குதிரைமேல் ஏறி ஆற்றங்கரைக்குப் போவேன். அங்கிருந்து மேற்கே எங்கள் ஊர்த் தடம் போகிறது. அதில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவேன். ஒவ்வொரு மாலையும் அந்தக் கொஞ்ச தூரம் கூடிக்கொண்டே வந்தது.

என் வகுப்பில் படித்த ஹண்ட்சுரேன் என்ற பெண்ணுக்கு வாய் அதிகம்.

"என்ன சோய்டோக், இன்னிக்கும் ஓடிப்போகலையா? உன் போர்வையை எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேனே."

"குளிருச்சு, திரும்பிட்டேன்."

"அப்ப வெயில் வந்தா கிளம்பிடுவே."

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. முதல் பனி விழுந்த காலையில் குதிரையை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ச் சேணத்தையும் கடிவாளத்தையும் கழற்றினேன். ஆளில்லாத குதிரை சேணத்தோடு வீடு வந்தால் எங்கள் பக்கம் ஒப்பாரி தொடங்கிவிடும். வெறும் முதுகோடு வந்தால், யாரோ கையால் கழற்றிவிட்டிருக்கிறார்கள் என்று புரியும். பிறந்த புல்வெளிக்கு வழி எந்தக் குதிரைக்கும் தெரியும். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கே ஓடியது. சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதபடி திரும்பினேன்.

இனிப் படிப்புதான் என்று நினைத்தேன். நினைத்ததுதான் மிச்சம். அந்த நகரத்தில் என் வாசனை தெரிந்த ஒரே உயிரும் போய்விட்டது. சேணம் கட்டிலுக்கடியில் கிடந்தது. வேறு வேலை இல்லாததால் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன்.

புத்தாண்டு நெருங்கிய ஒரு நண்பகலில், வாசலில் யாரோ தேடுவதாகச் சொன்னார்கள். அதே செம்பழுப்புக் குதிரைமேல் அப்பா. மீசையெல்லாம் பனி உறைந்திருந்தது.

"அப்பா! அம்மாவுக்கு ஏதாச்சும்..."

"அவளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. குதிரை வெறும் முதுகோட வந்ததைப் பார்த்துட்டு, 'பய உசுரோடதான் இருக்கான், தங்கிட்டான்'னு கறி வேகவச்சா. எனக்குத்தான் சோறு இறங்கல. ஏன்டா அவுத்து விட்டே?"

"இருந்தா ஓடி வந்துடுவேன்னு பயமா இருந்துச்சுப்பா."

"இப்ப?"

"இப்ப வர முடியாதே."

"அப்ப இங்க நீ படிக்கிறியா, மாட்டிக்கிட்டுக் கிடக்கிறியா?"

"தெரியலப்பா."

"குதிரை இல்லாம அது எப்படித் தெரியும்?"

இறங்கினார். தன் சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குதிரையை வாசல் கயிற்றில் கட்டினார். "மேற்கே கம்பளி லாரி ஒண்ணு கிளம்புது, நான் ஏறிக்கிறேன். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்காதே. வர்றதுன்னா வா, இருக்கிறதுன்னா இரு."

நான் அறியாமலே இடது கன்னத்தை அவர் பக்கம் நீட்டியிருந்தேன். முகத்தைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார்.

"அது அவளோடது" என்று சொல்லிவிட்டுப் பனியில் நடந்தார்.

குதிரை அவர் போன திசையைப் பார்த்துக் கனைத்தது. நான் அறைக்கு ஓடிச் சேணத்தை வெளியே இழுத்தேன். இப்போது கிளம்பினால் லாரியை எட்டிப் பிடித்துவிடலாம். சேணத்தின்மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஹண்ட்சுரேன் எட்டிப் பார்த்தாள். "மணி அடிச்சாச்சு. போர்வை எனக்கா, இல்லையா? ஒரு முடிவு சொல்லு."

"எனக்கு வேணும்" என்றேன்.

சேணத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போனேன். ஜன்னல் வழியே குதிரை தெரிந்தது. மேற்கைப் பார்த்தபடியே நின்றிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து எலும்புகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.