இரவல் சாவி

1

இந்தக் கதை ஒரு தேர்வு அறிக்கையாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வினோதினி, ஊர் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்தில் நாடகம் முதுகலை படிக்கிறேன். ("நாடகம் போடறதுக்கு எம்.ஏ.வா?" என்று அம்மா ஒரு கல்யாண வீடு விடாமல் கேட்டு வருகிறார். கேட்கட்டும்.) எங்களுக்கு 'சமூக மாற்றத்துக்கான அரங்கு' என்று ஒரு தாள். ஓர் இடத்துக்குப் போய், அங்கே இருப்பவர்களோடு பேசி, அவர்களுடைய சிக்கலை நாடகமாக்கி, அவர்கள் முன்னாலேயே போட வேண்டும். பிறகு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையின் கடைசித் தலைப்பு, 'நாடகம் எவ்வாறு முடிந்தது?'

அங்கே பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் நாடகம் முடியவே இல்லை. பார்வையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிடிக்காமல் போகவில்லை ஐயா, பிடித்துப்போய்ப் போனார்கள்! இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அதனால்தான் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: கடலூர் மீன் மார்க்கெட்டின் மேல் விடியல் வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல—

[வேண்டாம். விடியலில் நான் அங்கே போனதே இல்லை. சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும்.]

இரண்டாவது முயற்சி: பெண்ணின் உடல் என்பது காலந்தோறும் அதிகாரத்தின்—

[எங்களுக்கு இந்தத் தாளை எடுக்கிற ரேகா மேடத்துக்குப் பிடிக்கும். அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.]

மூன்றாவது முயற்சி: இருசம்மாளுக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் நிறையக் குடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் குடிப்பதில்லை.

இதுதான் சரி. இங்கேயிருந்தே போவோம்.

3

ஏன் குடிப்பதில்லை? மார்க்கெட்டில் கழிப்பறை இல்லையா? இருக்கிறது! டைல்ஸ் போட்டது, குழாய் வைத்தது, ரிப்பன் வெட்டித் திறந்தது. திறந்த அன்றைக்கே பூட்டியதும்கூட. எந்த மார்க்கெட் என்று சொல்ல மாட்டேன், நானே உண்டாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி வியாபாரிகள் சங்கச் செயலாளர் சாமிக்கண்ணு அண்ணனிடம் இருந்தது. அதிகாரிகள் வந்தால் திறப்பார்.

இருசம்மாள் அக்கா முதல் பஸ்ஸில் கூடையோடு வருவார், மதியம்தான் வீடு திரும்புவார். அதுவரை பல்லில் தண்ணீர் படாது. மீன் விற்கிற எல்லாப் பெண்களுக்கும் அதே கதைதான். அக்காவுக்கு மட்டும் வலி வந்தால் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து விடுவார். வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கன்றாங்க. படுத்துக்கிட்டா ஏவாரத்த எவ பாப்பா?" என்றார் என்னிடம். அதற்கு நான் "ஆமாக்கா" என்றேன்.

(முதல் பிரதியில் அக்காவுக்கு ஒரு வீர வசனம் எழுதியிருந்தேன். அரைப் பக்கம். அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. அடித்துவிட்டேன். நல்ல வசனம், மனசே வரவில்லை.)

4

இப்போது சாமிக்கண்ணு. இவரிடம்தான் கதாசிரியராக நான் மாட்டிக்கொண்டேன். வில்லனாக எழுத உட்கார்ந்தால் மனிதர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

"பாப்பா, இதுக்கு முன்னாடி இருந்த கக்கூஸு இன்னா கதியாச்சு தெரியுமா? நாறிப்போச்சு. ஒருத்தன் கிட்ட வரல. நான்தான் மூக்கக் கட்டிக்கினு ஒருவாரம் கழுவுனேன். செயலாளராம், செயலாளர்! இது அப்பிடி ஆவ வுட மாட்டேன்."

சொல்லும்போது கண் கலங்கியது. சத்தியமாக. பூட்டிய கழிப்பறையைத் தினமும் வெளியே பெருக்கி, கதவைத் துடைக்கவும் செய்கிறார். இவரை என்ன செய்வது?

அவரிடம் அனுமதி கேட்டபோது 'சுகாதார விழிப்புணர்வு நாடகம்' என்று சொல்லியிருந்தோம். பொய் இல்லை. அவர் குஷியாகிவிட்டார். மைக் செட் சொன்னார், மதிப்பெண் போட வருகிற தேர்வாளருக்குப் போர்த்த ஒரு சால்வைகூட வாங்கி வைத்தார்.

நாங்கள் மூன்று பேர். செயலாளர் வேஷம் ஸ்ரீமதிக்கு. மீன்காரி வேஷம் ஸ்ரீதருக்கு. நான் கட்டியங்காரி, அதாவது நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று பேசுகிறவள். ஸ்ரீதர் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டி ஒரு சாவி செய்து வந்தான். குச்சி மிட்டாய் மாதிரி இருந்தது. மேடையில் நிஜப் பொருளை வை, ஜனங்களுக்குத் தெரிந்த பொருளை வை என்று வகுப்பில் ஓயாமல் சொல்வார்கள். நாங்கள் நல்ல மாணவர்கள். நேரே சாமிக்கண்ணு அண்ணனிடமே போய், அட்டைச் சாவியைக் காட்டிக் கேட்டோம்.

"அண்ணே, சாவிய ஒரு அரைமணி நேரம் தர்றீங்களா? நாடகத்துக்கு."

"நாடகத்துக்குத்தான? எடுத்துக்கம்மா" என்று இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

[இங்கே நீங்கள் என்னைச் சந்தேகிக்கலாம். வேண்டுமென்றே வாங்கினாயா என்று ரேகா மேடமும் கேட்டார். இல்லை மேடம். மிட்டாய் மாதிரி இருந்ததுதான் காரணம்.]

5

நாங்கள் போட்ட நாடக வகைக்கு ஒரு விதி உண்டு. மீன்காரி சாவி கேட்பாள், செயலாளர் தர மாட்டார். அதோடு நாடகம் முடியும். உடனே அதையே மறுபடி தொடங்குவோம். இந்த முறை கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம். கத்தியவர் உள்ளே வந்து, மீன்காரி இடத்தில் நின்று, வேறு மாதிரி செய்து பார்க்கலாம். கஷ்டப்படுகிறவரின் இடத்துக்குத்தான் வரலாம், கஷ்டப்படுத்துகிறவரின் இடத்துக்கு வரக்கூடாது.

மீன் கூடைகளுக்கு நடுவில் வட்டம் போட்டோம். ஸ்ரீதர் சேலையோடு வந்ததும் மார்க்கெட்டே விசிலடித்தது. முன்னால் நாற்காலி போட்டு சாமிக்கண்ணு அண்ணன். பக்கத்தில் பேனாவோடு தேர்வாளர் ஞானசேகரன் சார்.

"நிறுத்து!" முதலில் கத்தியது ஜெயராணி. நண்டு விற்கிற பெண், கல்யாணமான புதுசு. உள்ளே வந்து ஸ்ரீமதியிடம் கெஞ்சினாள். "அண்ணே, கொஞ்சம் தொறந்து வுடுண்ணே, நல்லாருப்ப."

ஸ்ரீமதி, "அதெல்லாம் மேலிடத்துல கேக்கணும்மா" என்றாள்.

நாற்காலியிலிருந்து சாமிக்கண்ணு அண்ணன் எழுந்துவிட்டார். "ஏம்மா, நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். 'தொறந்தா நாறிப்புடும், எவன் கழுவறது?'ன்னு சொல்லு!"

தன்னுடைய வில்லனுக்குத் தானே வசனம் எடுத்துக் கொடுக்கிறார்! ஸ்ரீமதி அப்படியே சொன்னாள். "கையி? கைய இப்பிடி வைக்கணும்" என்று அண்ணன் இடுப்பில் கை வைத்தும் காட்டினார். கூட்டம் சிரித்து உருண்டது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. வகுப்பில் படித்த அத்தனையும் கண் முன்னால் உயிரோடு நடக்கிறது, நான் நடுவில் நிற்கிறேன்!

அப்போது இருசம்மாள் அக்கா, "நிறுத்து" என்றார். கத்தவில்லை. சும்மா சொன்னார்.

உள்ளே வந்தார். ஸ்ரீமதி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அக்கா வசனம் எதுவும் பேசவில்லை. ஸ்ரீமதியின் விரலில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே நடந்தார்.

"அக்கா! மேடை இங்க இருக்கு!" என்று மைக்கில் கூவினேன்.

"இரும்மா, அவசரம்" என்றார் திரும்பாமல்.

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. ஜெயராணி ஓடினாள். பிறகு கூடைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லாப் பெண்களும். வரிசை கழிப்பறை வாசலிலிருந்து ஐஸ் கடை வரை நீண்டது. வட்டத்தில் நாங்களும் மீனும் நாலு பூனையும் மிச்சம். சேலையோடு ஸ்ரீதர், "இப்ப நான் இன்னா பண்றது?" என்றான்.

ஞானசேகரன் சார் பேனாவை மூடினார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று மைக்கை இறக்கினேன். "ஏம்மா, அங்க ஜென்ட்ஸுக்கும் இருக்கா?" என்றார்.

6

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல சிரிப்புக் கதை. ஆனால் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சாமிக்கண்ணு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, சாவி இன்னும் வரல. ஒன்ன நம்பித்தான குடுத்தேன்? நாளைக்கு ஆபீசர் வராரு."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நம்பினேன் என்கிறார். மனிதர் சொன்னது நியாயம். அரைமணி நேரத்துக்கு என்றுதான் வாங்கினேன். சாவியோ இன்னும் அக்காவிடம். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் கதவு மறுபடி பூட்டும், அக்கா மறுபடி தண்ணீரை நிறுத்துவார். கொடுக்காவிட்டால் நான் திருடி. இனி எந்த மார்க்கெட்டில், எந்தத் தெருவில் யார் எங்களை நாடகம் போட விடுவார்கள்?

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) வினோதினி சாவியைக் கெடிலம் ஆற்றில் வீசுகிறாள். பின்னணியில் பறை. [பூட்டை உடைக்க ஒரு சுத்தியல் போதும். ஆற்றில் தண்ணீர் வேறு இல்லை.]

ஆ) சாமிக்கண்ணு மனம் திருந்தி அழுகிறார். [ஒரே நாடகத்தில் மனிதர் திருந்துவார் என்றால் நாங்கள் ஏன் இரண்டு வருஷம் படிக்கிறோம்?]

இ) ஸ்ரீதர் சொன்னபடி ஒரு டூப்ளிகேட் சாவி. [திருட்டுக்குத் திருட்டு.]

எதுவும் ஒட்டவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"ஒன்ன நம்பிக் குடுத்தாரு. கொண்டுபோயி குடு" என்று கையில் வைத்தார்.

இவ்வளவு லேசாகவா? எனக்குக் கோபம்கூட வந்தது. இதற்காகவா அத்தனை ஒத்திகை? ஜெயராணி நண்டைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

7

சாவியைக் கொடுத்தேன். சாமிக்கண்ணு அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆபீசர் வர்றதுக்குள்ள ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம் வா" என்று என்னையும் கூட்டிப் போனார்.

வாசலில் பினாயில் வாசனை. தரை ஈரம். கதவு பூட்டியிருந்தது. சாவியை நுழைத்தார், திரும்பவில்லை. இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார்.

"இன்னா பாப்பா, எனக்கு அட்டச் சாவியக் குடுத்துட்டியா?"

"சாவி ஒன்னோடதுதான் மாமா" என்று பின்னாலிருந்து குரல். இருசம்மாள் அக்கா. "பூட்டுதான் எங்களோடது. நேத்து மாத்துனோம். கழுவறதுக்கு முறை போட்டுக்கினோம். இன்னைக்கு நானும் ஜெயராணியும் கழுவுனோம். ஒனக்கும் ஒரு முறை இருக்கு, வெள்ளிக்கெழம."

அக்காவுக்குப் பின்னால் மார்க்கெட்டே நின்றது. யாரும் சொல்லாமலே வட்டம் போட்டுவிட்டார்கள். கட்டியங்காரியாக நான் எதுவும் செய்யவில்லை. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, பயமாகவும் இருந்தது. தெருமுனையில் ஜீப் சத்தம். ஆபீசர் வருகிறார். சாமிக்கண்ணு அண்ணன் சொன்னால் பூட்டை உடைத்துவிடுவார்கள். அவர் வேறு மாதிரி சொன்னால் இந்தக் கதவு இவர்களுடையது.

அண்ணன் பூட்டைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

நிறுத்து!

கத்தியது நான்தான். எனக்கு முடிவு தெரியும், அங்கேதானே நின்றேன். எழுத மாட்டேன். கஷ்டப்படுகிறவரின் இடத்துக்குத்தான் வரலாம் என்ற விதியை இந்த ஒருமுறை உடைக்கிறேன். இருசம்மாள் அக்காவின் இடத்துக்கு ஆள் தேவையில்லை, அவர் நன்றாகவே செய்கிறார். நீங்கள் வர வேண்டியது சாமிக்கண்ணுவின் இடத்துக்கு. பயப்படாதீர்கள், அவர் கெட்டவர் இல்லை, நீங்களும் இல்லை. கையில் உதவாத சாவி. முன்னால் ஜீப். பின்னால் பெண்கள். ஆபீசர் இறங்கிக் கேட்கிறார், "என்ன சாமிக்கண்ணு, கதவு திறக்கலயா?"

சொல்லுங்கள், என்ன சொல்வீர்கள்? யோசித்துச் சொல்லலாம், ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். அக்கா அன்றைக்குக் காலையிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார்.